கோலாருக்கு ஓடிப்போனவர்



நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். சொந்தங்கள் மட்டும் பொறுமை இல்லாவிட்டாலும் கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள். உங்களுக்கு இதில் வேலை இருக்கிறது.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் நம் மூதாதையர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்கிறார்களாம். காசு கட்டி அனுப்பியிருக்கிறார். ஆறு வாரம் கழித்து 'தென்னிந்தியா' என்று முடிவு வந்ததாம். "இதை நீங்களே சொல்லியிருப்பீங்களே சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதே வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் ஒருவன், குடும்ப மரம் வரைகிற ஒரு செயலியை அனுப்பி, "பெரியப்பா, தாத்தாவோட தாத்தா வரைக்கும் நீங்கதான் நிரப்பணும்" என்று கேட்டிருந்தான். அடுத்த நாள் வேறொருவர், நாமெல்லாம் படவேட்டுச் சம்புவராயர் படையில் தளபதியாக இருந்தவரின் வம்சம் என்று ஒரு செய்தியை அனுப்பினார். ஆதாரம் என்ன என்று கேட்டேன். கைகூப்புகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

மூதாதையரைத் தேடுவதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. முப்பத்தைந்து வருடம் வரலாறும் புவியியலும் நடத்திய ஆள் நான். ஆனால் நம்மவர்கள் தேடுகிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் மேலே மேலே ஏறிப் போகிறார்கள், ஒரு ராஜாவோ தளபதியோ அகப்படும் வரைக்கும். பக்கவாட்டில் யாரும் பார்ப்பதில்லை. தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாரே, அவர் எங்கே போனார்? அவர் பிள்ளைகள் எங்கே? அத்தைகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தோம், அவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயர் என்ன? இதைக் கேட்டால் குழுவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எழுநூறு வருடத்துக்கு முந்தைய தளபதியைத் தெரிகிற நமக்கு, நூறு வருடத்துக்கு முன்னால் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போனவரைத் தெரியவில்லை.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன். எங்கள் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் ஒரே வாக்கியம்: "பங்கை வாங்கிக்கிட்டு கோலாருக்கு ஓடிட்டவன்." பிள்ளைகள் யாராவது வீட்டுக்குச் சொல்லாமல் சினிமாவுக்குப் போய் வந்தால், ஆயா அந்த வாக்கியத்தைத்தான் எடுப்பாள். "பெரிய தாத்தா மாதிரி ஆயிடாத." நான் அதைக் கேட்டு வளர்ந்தவன். பிறகு வாத்தியாராகி, வருடம் தவறாமல் "இந்தியாவில் தங்கம் கிடைக்கும் இடம் எது?" என்று வகுப்பில் கேட்டு, "கோலார்" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த ஒரு மதிப்பெண்ணுக்குள் எங்கள் குடும்பத்தில் பாதி இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது இந்த வருடம்தான். அதுவும் பாசத்தால் இல்லை, பத்திரத்தால்.

ஊரில் நமக்கு இருக்கிற 1 ஏக்கர் 40 சென்ட் நிலத்தை விற்பதென்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். வாங்க வந்தவரின் வக்கீல் மூலப்பத்திரம் கேட்டார். நம்மிடம் பட்டாவும் சிட்டாவும்தான் இருந்தன. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுப் பழைய புத்தகத்தில் தேடச் சொல்லி, நான்கு முறை நடந்து, கடைசியில் 1934-ம் வருடத்துக் கிரயப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. தாத்தா பெயரில் கிரயம். விலை 285 ரூபாய்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம். நம் கொள்ளுத்தாத்தா படியாள். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. கூலியைக் காசாக இல்லாமல் படியால் அளந்து தானியமாக வாங்குகிறவர். பண்ணையில் வாங்கிய கடனுக்கு ஆளே கட்டுப்பட்டுக் கிடப்பார், அவருக்குப் பிறகு அவர் பிள்ளை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, தானும் அதே பண்ணையில் ஏர் ஓட்டிய தாத்தாவின் கையில் 1934-ல் 285 ரூபாய் எப்படி வந்தது? அதோடு, பெரிய தாத்தா ஓடிப்போனது அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். அப்போது நம் வீட்டில் ஒரு சாண் நிலம் கிடையாது. இல்லாத நிலத்தில் அவர் எந்தப் பங்கை வாங்கிக்கொண்டு போனார்?

வரலாற்று வாத்தியார் என்று பெயர்தான். எழுபது வருடம் கேட்ட ஒரு வாக்கியத்தின் வருடக் கணக்கை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போட்டுப் பார்த்தேன்.

அப்புறம் பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கினோம். ஆயாவின் பெட்டி. அதில் ஒரு பழைய வேட்டித் துணியில் சுருட்டி வைத்த மணியார்டர் துண்டுகள். பணம் வாங்கியவர் வைத்துக்கொள்ளும் அடிக்கட்டை, ஓரத்தில் இரண்டு வரி எழுத இடம் விட்டிருப்பார்களே, அது. மொத்தம் 41 துண்டு. முதலாவது 1927, கடைசி 1940. ஐந்து ரூபாய், ஆறு ரூபாய், ஒருமுறை பன்னிரண்டு. அஞ்சல் முத்திரையில் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் என்று இருக்கிறது. பெரிய தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. யார் யாரிடமோ சொல்லி எழுதியிருக்கிறார், துண்டுக்குத் துண்டு கையெழுத்து வேறு. "அம்மாவுக்கு மருந்துக்கு." "பண்ணைக் கடன் தீர்ந்ததா எழுதவும்." "சின்னவளுக்குச் சேலை." 1934 தை மாதத்துத் துண்டில் இருப்பதை மட்டும் அப்படியே தருகிறேன்: "கிரயம் உன் பேரில் முடிக்கவும். எனக்கு லீவு இல்லை. நான் வந்து பார்த்துக்கொள்ளலாம்."

கிரயத் தேதிக்கு முந்தைய துண்டுகளை மட்டும் கூட்டினேன். 236 ரூபாய். இவை தப்பிப் பிழைத்த துண்டுகள் மட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, கோலார் தங்கவயல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது. 1880-களில் ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே பெரிய அளவில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் கொண்டுபோனார்கள், நம் ஊர்களெல்லாம் சிம்னி விளக்கில் இருந்த காலத்தில். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. 120 வருடத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள் என்று கணக்கு. அதை எடுத்த கைகளில் பெரும்பகுதி நம் வட ஆற்காட்டுக் கைகள். அதிலும் சேரியிலிருந்து போனவர்கள்தான் அதிகம். ஏன் போனார்கள்? அங்கே கூலி காசாகக் கிடைத்தது. பூமிக்கு அடியில் உயிருக்குப் பயந்தார்கள், வெள்ளைக்கார மேஸ்திரிக்கும் பயந்தார்கள். ஆனால் மேலே வந்தால் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம். பண்ணைக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய எழுத்துகளைப் பின்னாளில் புத்தகமாகப் போட்டுக் காப்பாற்றியது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை. ஊரில் பள்ளிக்கூட வாசல் ஏற முடியாதவர்கள் அங்கே போய்ப் புத்தகசாலை வைத்தார்கள். 'ஓடிப்போனவர்கள்' என்று நாம் சொல்கிற ஆட்கள் இவர்கள்.

தேடல் என்று வந்ததும் நான் முதலில் நினைத்தது, கம்பெனிப் பதிவேடு இருக்குமே, அதில் பெயரைத் தேடலாமே என்று. அப்போதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 1930-ல் தங்கவயல் தொழிலாளிகள் ஒரு பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்குத் தெரியுமா? கம்பெனி எல்லோருடைய கைரேகையையும் எடுத்துப் பதிவேட்டில் வைக்கப் பார்த்தது, அதை எதிர்த்து. பெயரும் ரேகையும் பதிந்துவிட்டால், ஒரு சுரங்கத்தில் விரட்டப்பட்டவன் இன்னொரு சுரங்கத்தில் போய் நிற்க முடியாது. அந்த வருடம் பெரிய தாத்தா அங்கேதான் இருந்தார். பதிவேட்டில் அகப்படாமல் இருக்கப் போராடியவரை, நான் பதிவேட்டில் தேடக் கிளம்பினேன்.

கடல் தாண்டிப் போனவர்களின் கதை வேறு. 1860-ல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பலில் ஏறிய கூலிக்குக்கூட எண் உண்டு, அப்பா பெயர் உண்டு, ஊர்ப் பெயர் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் வந்து இங்கே கிராமத்தைத் தேடுகிறவர்கள் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் தேடுகிறார்கள். உள்நாட்டில் போனவருக்கு என்ன காகிதம்? ஒரு ரயில் டிக்கெட். அதையும் இறங்குகிற இடத்தில் வாசலில் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். தாராவிக்குப் போன திருநெல்வேலிக்காரரும், கரக்பூர் ரயில்வேக்குப் போனவரும், தங்கவயலுக்குப் போன நம்மவரும் இப்படித்தான் காணாமல் போனார்கள். கூடப்பிறந்தவர்கள் நினைவில் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

போதாததற்கு நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றுதான். ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறிவிடும், பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மறுபடியும் மாறிவிடும். ஊர்ப் பெயரும் நிலையாக நிற்பதில்லை. பழைய கடிதத்தில் பௌரிங்பேட்டை என்று இருப்பது இன்றைக்குப் பங்காருப்பேட்டை. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்ததில், வட ஆற்காட்டிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த நம் உறவுகள் சிலர் இப்போது ஆந்திராக்காரர்கள். தேடுகிறவர்கள் இதையெல்லாம் கவனிக்க வேண்டும்.

சரி, நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? கணினியும் இல்லை, எச்சிலும் இல்லை. குலதெய்வம்.

நம் குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி உண்டு என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு வசூலிப்பது. பூசாரியிடம் அதற்கு ஒரு நோட்டு இருக்கிறது. அவர் அப்பா காலத்து நோட்டும் இருக்கிறது. யாருடைய தலைக்கட்டு எங்கே போயிருக்கிறது என்று தனியாகப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "வயலு" என்று மேலே எழுதி, கீழே ஏழு பெயர். வயல் என்றால் தங்கவயல். அதில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டுப் பூசாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். அது என் பெயர்.

என் சொந்த வாழ்க்கையில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருந்தது. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டில் மூத்த பேரன் நான். எனக்குத் தாத்தா பெயரை ஏன் வைக்கவில்லை? அப்பாவைக் கேட்டால், "உங்க தாத்தாதான் அந்தப் பேரு வைக்கணும்னு நின்னாரு" என்பார், அவ்வளவுதான். அது யாருடைய பெயர் என்று அப்பாவுக்கே தெரிந்திருக்காது. வீட்டில் பெரிய தாத்தாவுக்குப் பெயரே கிடையாது. ஓடிப்போனவன், அவ்வளவுதான். எழுபது வருடமாக அவருடைய பெயரில்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் மதிப்பெண் அட்டையிலெல்லாம் இருப்பது அதுதான்.

தங்கவயலில் இருந்து அந்தக் குடும்பம் வருடம் தவறாமல் தலைக்கட்டு வரி அனுப்பி வந்திருக்கிறது. நோட்டில் வரிசையாக இருக்கிறது. நாம் மூன்று வருடம் பாக்கி.

போன் நம்பரும் அந்த நோட்டிலேயே இருந்தது. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் கிளம்பினோம். காட்பாடியில் ஏறிப் பங்காருப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து மாரிகுப்பம் போகிற ரயில். கோரமண்டல், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயரிலேயே ஸ்டேஷன்கள். ரயில் எதிர்த்திசையில் போகும்போதுதான் கூட்டம். தினமும் விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊருக்கு அந்த ரயில்தான் சோறு. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் மலைமலையாக நிற்கிறது. சயனைடு கலந்த மண், அதில் புல்லும் சரியாக முளைப்பதில்லை. காற்றடித்தால் ஊர் முழுக்கத் தூசி. ஸ்டேஷனில் இறங்கி ஒருவரிடம் வழி கேட்டேன். நம் ஊர்த் தமிழிலேயே பதில் சொன்னார், "இன்னா சார், எந்த லைனு?" என்று. சுரங்கம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை லைன் என்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு அறை, ஒரு சமையல் மூலை.

கதவைத் திறந்தவர் பெரிய தாத்தாவின் மகன் வயிற்றுப் பேத்தி. எழுபத்தேழு வயது. எனக்கு அக்கா முறை. வெளிச்சத்துக்குக் கையை மறைத்துக்கொண்டு பார்த்தார். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது எங்க தாத்தா பேரு" என்றார். பிறகு, "வா தம்பி, உள்ள வா. ஏன் இத்தினி வருசம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அக்கா சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். பெரிய தாத்தா 1941-ல் இறந்துபோனார். சாகும்போது நாற்பது வயது ஆகவில்லை. "மாருநோவு" என்று சொல்வார்களாம். கல்லைத் துளைக்கிற தூசி நெஞ்சில் இறங்கி வருகிற நோய், அங்கே வீட்டுக்கு ஒருவர் அதில் போயிருக்கிறார். அவர் செத்த ஆறு மாதத்தில் அவர் மனைவி இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் ஊருக்கு வந்திருக்கிறார். ஒரே ஒருமுறை. அக்கா தன் ஆயா வாயால் கேட்டதை எனக்குச் சொன்னார்: "மூணு நாளு இருந்தாங்களாம். நல்லாத்தான் சோறு போட்டாங்களாம். கௌம்பும்போது ஒரு மூட்டை கேவுரு குடுத்தாங்களாம். நிலத்தப் பத்தி இவங்களும் கேக்கல, அவங்களும் சொல்லல."

நான் இரவு முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாத்தா கெட்டவர் இல்லை. எனக்குத் தெரியும், அவர் மடியில் வளர்ந்தவன். பண்ணைக் கடனிலிருந்து தலையைத் தூக்கி முதல் முறையாகச் சொந்த மண்ணில் நின்ற மனிதர், அதை இரண்டாகப் பிரிக்கப் பயந்திருப்பார். 70 சென்டில் என்ன விளையும்? பிரிக்கவில்லை. பிரிக்காத பிறகு அண்ணன் மனைவியின் முகத்தில் விழிக்க முடியவில்லை. போக்குவரத்து நின்றுபோனது. நின்றுபோனதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதற்காகத்தான் 'பங்கை வாங்கிக்கொண்டு ஓடினவன்' என்ற வாக்கியம் பிறந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணன் பெயரை மறக்க அவரால் முடியவில்லை, எடுத்து என் தலையில் வைத்துவிட்டார். இது என் ஊகம்தான். ஆயா அந்த மணியார்டர் துண்டுகளை ஏன் எரிக்காமல் வைத்திருந்தாள் என்பதற்கும் எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அதை எழுத மாட்டேன்.

அந்த நிலத்தில் விளைந்ததில்தான் என் அப்பா எட்டாவது வரைக்கும் படித்தார். நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அதன் மேல்தான் கடன் வாங்கினோம். என்னிடம் படித்த நீங்கள் எல்லோரும்கூட ஒரு வகையில் அந்த மணியார்டருக்குச் சம்பந்தப்பட்டவர்கள்.

அங்கே, அக்காவின் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கினார். அவர் தலைமுறையில் கம்பெனி கை மாறியது. 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசு. சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததே தவிர ஆழம் குறையவில்லை. அக்காவின் தம்பிகளில் ஒருவர் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்துக்குப் போய், ஜார்க்கண்டிலேயே ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டிவிட்டார். பாறை துளைக்கத் தெரிந்தவர்களுக்குப் பாறை இருக்கிற இடம்தான் ஊர். அவர் பேத்தி போனில் என்னிடம் "நமஸ்தே தாத்தா" என்றாள். தமிழ் புரிகிறது, பேச்சு இந்தியில் வருகிறது. இன்னொரு தம்பி கடைசி நாள் வரைக்கும் தங்கவயலிலேயே இருந்தவர். அவர் மகன்கள்தான் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள், ஒருவர் காவலாளி, ஒருவர் டெலிவரி வேலை.

இப்போது சொந்தங்களுக்கான விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அத்தைகள் இருவரின் பிள்ளைகள். 1971-ல் தாத்தா இறந்தபோது பட்டாவை மூன்று மகன்கள் பெயருக்கு மட்டும் மாற்றினார்கள். 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தன் பெயரில் வாங்கிய சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு அன்றைக்கே உண்டு. யாரும் அத்தைகளைக் கேட்கவில்லை. தம்பி மகன் வரைந்த அந்த மரத்திலும் அத்தைகள் இருவரும் கிளை இல்லாமல் மொட்டையாக நிற்கிறார்கள். வக்கீல் இப்போது அவர்கள் வாரிசுகளின் கையெழுத்து இல்லாமல் நகராது என்கிறார். நல்லதாகப் போயிற்று. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு புடவையோடு அனுப்பிவிடலாம் என்று குழுவில் ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

அடுத்தது பெரிய தாத்தா வழி. வக்கீலைக் கேட்டுவிட்டேன். பத்திரம் தாத்தா பெயரில், மணியார்டர் துண்டு எதையும் நிரூபிக்காது, சட்டப்படி அவர்களுக்கு ஒரு சென்ட் கிடையாது என்றார். "தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின கதையை ஏன் சார் கிளறுறீங்க?" என்றும் கேட்டார். குழுவிலும் இதையேதான் பலர் கேட்கிறீர்கள். தளபதி வம்சம் என்று எழுநூறு வருடக் கதையைக் கிளறியபோது ஒருவருக்கும் வருத்தம் இல்லை. பெருமை வருகிற பழைய கதை நமக்கு வேண்டும், பணம் கேட்கிற பழைய கதை வேண்டாம் என்றால், அந்தச் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் நான் ஒரு பெயரும் நிரப்பப் போவதில்லை.

அவர்கள் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிலம் விற்கப்போகிறோம் என்று நான் அக்காவிடம் சொன்னபோது, "வித்துக்கோங்க தம்பி, எங்களுக்கு எதுக்கு?" என்றார். துண்டுகளைக் காட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். படிக்கத் தெரியும் அவருக்கு, தங்கவயல் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 1934 துண்டை இரண்டுமுறை படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "வந்து பாத்துக்கலாம்னு சொல்லிருக்காரு பாரு" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எங்களுக்குக் காபி போட்டார்.

என் கருத்து இது: விற்ற பணத்தை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதி பெரிய தாத்தா வழிக்கு. மறுபாதி தாத்தாவின் ஐந்து பிள்ளைகள் வழிக்கும் சமமாக, அத்தைகள் உட்பட. அப்படிச் செய்தால் நம் ஒவ்வொருவர் கைக்கும் வருவது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. எனக்கும் அது தெரியும். கடன் இருக்கிறவர்கள், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களை நான் கட்டாயப்படுத்த முடியாது, படுத்தவும் மாட்டேன். என் பங்கை மட்டும் முழுசாக அந்தப் பக்கம் கொடுத்துவிடுவதென்று நானும் மனைவியும் பிள்ளைகளும் பேசி முடித்துவிட்டோம். மற்றவர்கள் அவரவர் வீட்டில் பேசுங்கள். துண்டுகள் 41-ஐயும் படம் எடுத்து இன்று இரவு குழுவில் போடுகிறேன். படித்துவிட்டுப் பேசுங்கள். படிக்காமல் யாரும் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

பத்திரப் பதிவு ஐப்பசி கடைசியில். அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு மறுபடியும் தங்கவயல் போகிறேன். கூட வருகிறவர்கள் சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவேன். தலைக்கட்டு வரி பாக்கி மூன்று வருடத்தையும் நான் கட்டிவிட்டேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய தாத்தாவுக்கு ஒரு மகளும் உண்டு. என் அப்பாவுக்குத் தங்கை முறை, எனக்கு அத்தை. கல்யாணமாகி 1950-களின் ஆரம்பத்தில் புருஷனோடு ராய்ச்சூர்ப் பக்கம் ஹட்டி தங்கச் சுரங்கத்துக்குப் போனவர். அப்போது அது ஹைதராபாத் ராஜ்ஜியம். பத்துப் பன்னிரண்டு வருடம் கடிதம் வந்திருக்கிறது, பிறகு நின்றுவிட்டது. அவர் இருக்க வாய்ப்பில்லை, பிள்ளைகள் இருப்பார்கள். ஹட்டியில் வேலை செய்கிறவர்கள், அங்கே சொந்தம் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பெயரையும் ஊரையும் உங்களுக்கு அனுப்புகிறேன். அத்தையின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்குமாம். மூன்று நாள் நம் ஊரில் இருந்தபோது கிணற்றடியில் விழுந்து பட்டதாம்.